காலி என்று சொல்லாதவர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியோ அவர் கண்ணில் பட்டுவிடும். "இது நாந்தான்னு ஆருங்க பாத்தது?" என்று கேட்பார். அவர் வாயிலிருந்து நான் கேட்டதில் பாதி அந்த ஒரே கேள்விதான். பஸ் போய்விட்டது என்று சொன்னால், ஆருங்க பாத்தது? இன்றைக்குத் துப்பாக்கி சுடுகிற ரேஞ்ச் லீவாம் என்றால், ஆருங்க பாத்தது? நீங்கள் சுட்டதில் ஒன்று நடுவில் விழுந்திருக்கிறது, பத்துக்குப் பத்து என்று கை குலுக்கப் போனால், நீட்டிய கையை அந்தரத்தில் விட்டுவிட்டு இலக்கு அட்டையைப் பார்க்கப் போய்விடுவார்.

இப்போது கோயம்புத்தூருக்கே திரும்பிவிட்டதாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

புனேயில் மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த சமயம் அது. நாங்கள் மதுரையிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பிம்ப்ரியில் வீடு. எனக்கு போசரியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற வேலை. இந்தியை ஒருவாறு சமாளிப்பேன். மராத்தியில் 'ஹோ'வும் 'நக்கோ'வும், அதாவது ஆமாமும் வேண்டாமும், மட்டும்தான். அந்த இரண்டை வைத்தே காய்கறிக்காரி, ஆட்டோக்காரர், பக்கத்து வீடு எல்லாரையும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கி சுடப் போன காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு ஒரு சத்தம் வேண்டியிருந்தது. ஆபீசில் வாயைத் திறக்கும்போதெல்லாம் "மேடம், நீங்க மியூட்ல இருக்கீங்க" என்று சொல்லிச் சொல்லி என்னை ஊமையாக்கி வைத்திருந்தார்கள். ஒருநாள் பஸ்ஸிலிருந்து ஒரு போர்டைப் பார்த்தேன். பிஸ்டல் படமும் ஒரு போன் நம்பரும். சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, புதியவர்கள் எல்லாருக்கும் முதல் ஆறு மாதம் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல்தான் என்று. காற்றழுத்தத்தில் ஒரு சின்ன ஈயக் குண்டு போகும். சத்தம் தகர டப்பா மூடியைத் திறக்கிற அளவுக்கு. ஒரு கையை நீட்டி, மூச்சைப் பிடித்து, ஒன்று சுட்டு, பிஸ்டலை மேஜையில் வைத்து, மறுபடி ஒரு குண்டு போட்டு, மறுபடி மூச்சைப் பிடித்து, இப்படி அறுபது முறை. சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்தைந்து மீட்டர் இருந்தது. அங்கே நிஜத் தோட்டா, நிஜச் சத்தம். அட்டை மூன்று விநாடி நம் பக்கம் திரும்பும், கீழே தாழ்த்தியிருக்கிற கையைத் தூக்கி ஒன்று சுட வேண்டும், அட்டை திரும்பிக்கொள்ளும். பத்து மீட்டர் தவம் இருப்பவர்களுக்கு, இருபத்தைந்து என்னைப் போன்ற அவசரக் குடுக்கைகளுக்கு என்று முதல் வாரமே முடிவு செய்துவிட்டேன்.

ஆறு மாதம் முடிந்ததும் ஒரு படிவம் தருவார்கள். எது உன் போட்டி என்று ஒன்றில் மட்டும் டிக் போட வேண்டும். எங்களைப் போல லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு இருபத்தைந்து மீட்டரில் கிளப்பின் சொந்த பிஸ்டல் ஒன்றுதான் உண்டு. அதை நான்கு பேர் முறை வைத்துச் சுடுவார்கள். அந்த வருடம் அந்த நான்கில் ஓர் இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. கேட்டவர்கள் இரண்டு பேர். நான் ஒன்று, அவர் இன்னொன்று.

அவரும் நானும் பேச ஆரம்பித்ததே ஒன்று இரண்டால்தான். நான் குண்டுகளை முணுமுணுத்து எண்ணுவேன். பக்கத்து லேனிலிருந்து, என் வயதுதான் இருக்கும், முழுக்கைச் சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"தமிழுங்களா?"

"ஆமாங்க. நீங்களும் தமிழா?"

"பதினேழுன்னு சொன்னீங்க. பதினாறுங்க."

எண்ணிப் பார்த்தேன். பதினாறுதான். அன்றே எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். ஆனால் வெளியூரில் தமிழ் காதில் விழுந்தால் மனசு கொஞ்சம் இளகித்தான் போகிறது. கோயம்புத்தூர் பக்கம் சொந்த ஊர், போசரியில் ஒரு இன்ஜினியரிங் யூனிட்டில் இன்ஸ்பெக்டர், வருகிற உதிரிபாகங்களை அளந்து பார்த்து ஒதுக்குகிற வேலை என்றார். பதினோரு வருடமாக இங்கேயாம். என்னை 'அம்மணி' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

ஒதுக்குகிற வேலையை அவர் போசரியோடு விட்டுவிட்டு வரவில்லை. டப்பாவிலிருந்து ஒவ்வொரு குண்டாக எடுத்து ஒரு கண்ணாடித் துண்டில் உருட்டுவார். கோணலாக உருண்டால் ஒதுக்கிவிடுவார். வடா பாவ் வாங்கினால் பாவ் ரொட்டியைப் பிளந்து உள்ளே வடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். கண்ணெதிரே வைத்த வடை! சஹா, அதாவது டீ, குடித்து முடித்தால் கிளாஸைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்த பிறகே கடைக்காரரிடம் கொடுப்பார். ஒருமுறை அவர் அட்டையில் நடுப்புள்ளியில் ஒரு ஓட்டை. ரேஞ்சே கைதட்டியது. அவர் மட்டும், "இது அடுத்த லேன்காரர் சுட்டது மாறி விழுந்திருக்குமுங்க" என்று நின்றார். அடுத்த லேன்காரர் தன் அட்டையைக் கொண்டுவந்து, என் ஓட்டை எல்லாம் என்னிடமே இருக்கிறது என்று எண்ணிக் காட்டினார். அப்படியும் தன் அட்டையில் அந்தப் பத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்ட பிறகுதான் விட்டார். தனக்குக் கிடைத்ததை இவ்வளவு பாடுபட்டுத் தட்டிவிடப் பார்த்த மனிதரை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அவர் 'காலி' என்ற சொல்லைச் சொல்லவே மாட்டார். பஸ்ஸில் சீட் இருந்தால் "அங்க சும்மா இருக்குதுங்க" என்பார். டப்பா தீர்ந்துவிட்டால் "வெறும் டப்பா". நான் வேண்டுமென்றே ஒருநாள், "தண்ணி பாட்டில் காலியா?" என்று கேட்டேன். "இல்லீங்க, தீந்துபோச்சு" என்றார். சிலருக்குப் பல்லி ராசி, சிலருக்குப் பூனை ராசி, இவருக்கு இது போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சிரிப்பு நின்றது படிவம் வருகிற மாதத்தில்.

"அம்மணி, நீங்க பத்து மீட்டரே வெச்சுக்கோங்க" என்றார் ஒருநாள், குண்டை உருட்டிக்கொண்டே. "இருவத்தஞ்சு உங்களுக்கு ஆகாதுங்க."

"ஏன் ஆகாது?"

"ஆகாதுங்க."

"அப்ப உங்களுக்கு மட்டும் ஆகுமோ?"

அவர் அடுத்த குண்டை உருட்டினார். ஒரே இடம், அதற்கு இரண்டு பேர், அதில் ஒருவர் மற்றவரிடம் உனக்கு வேண்டாம் என்கிறார். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? அன்றிலிருந்து நான் அவரைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால், அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்று முடிந்து நான் பிஸ்டலை மேஜையில் வைக்கும்போதெல்லாம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஒரு கோடு போடுவார். வீட்டில் சொன்னேன். "கையில துப்பாக்கியோட நிக்கிறவள எவன் சைட் அடிப்பான்?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு முறை அவர் கிளப் செக்ரட்டரி அறையிலிருந்து வெளியே வருவதையும் பார்த்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை அவர் கை கழுவப் போனபோது நோட்டு மேஜையில் கிடந்தது. அடுத்தவர் நோட்டைத் திறப்பது தப்பு என்று எனக்கும் தெரியும். திறந்தேன். ஒரு பக்கத்தின் உச்சியில் 'மதுரைக்காரம்மா' என்று எழுதி, அதன் கீழே கோடு கோடாக இருபத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் தேதி. எதிர்ப்பக்கத்தைப் பார்ப்பதற்குள் காலடிச் சத்தம் கேட்டது, வைத்துவிட்டேன். என் தவறுகளுக்குப் பட்டியல் போட்டு செக்ரட்டரியிடம் கொடுக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, இருபத்தைந்து மீட்டரில் எங்கள் இருவருக்கும் சோதனைச் சுற்று. முதலில் நான், பிறகு அவர் என்றே நினைத்திருந்தேன். ரேஞ்ச் ஆபீசரை எல்லாரும் காகா என்பார்கள், மராத்தியில் சித்தப்பா. மெலிந்த மனிதர், சத்தமான குரல். சுட்டு முடித்து அட்டை மாற்றப் போகுமுன் அவர் எப்போதும் ஒன்று கேட்பார்: "காலி?" நாங்கள் "காலி!" என்போம், கோயம்புத்தூர்க்காரர் மட்டும் கையைத் தூக்கிக் காட்டுவார். காகா நாங்கள் நின்று சுடுகிற கோட்டைத் தாண்டி அட்டைகள் பக்கம் போவார். ஆறு மாதமாக நூறு தடவையாவது கேட்டுச் சொன்ன சொல். பிஸ்டல் காலியா என்று கேட்கிறார், காலி என்கிறோம். தமிழிலும் அதுதான் அர்த்தம், எனக்குத் தெரிந்த இந்தியிலும் அதுதான்.

அன்றைக்கு மேகசினில் ஐந்து தோட்டா போட்டு, முதல் தோட்டா வெடித்தபோது நான் கேட்ட சத்தம் எனக்குக் கிடைத்துவிட்டது. மார்பு வரை அதிர்ந்தது. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அட்டை திரும்பியது, சுட்டேன். திரும்பியது, சுட்டேன். ஒருமுறை கையைத் தூக்குவதற்குள் அட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டது. போகட்டும் என்று அடுத்ததற்குத் தயாரானேன். ஐந்து முறை அட்டை திரும்பியாயிற்று. மேகசினை உருவினேன். உள்ளே ஒன்றும் இல்லை. பிஸ்டலை மேஜையில் வைத்தேன். பிஸ்டல் குழாயைத் திறந்து பார்த்து ஒரு மஞ்சள் நூலைச் செருக வேண்டும் என்பது விதி. பின்னால் நோட்டோடு நின்றவர் மேல்தான் என் மனசு முழுக்க இருந்தது.

"காலி?" என்றார் காகா.

"காலி!" என்றேன்.

காகா வலது காலை எடுத்துக் கோட்டுக்கு அப்பால் வைத்தார்.

"ஆருங்க பாத்தது?"

அந்தக் கத்தலை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை. காகாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நின்றுவிட்டார். வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார். எனக்கோ தலைக்கு ஏறிவிட்டது. செக்ரட்டரி ஜன்னலில் நின்று பார்க்கிறார், இவர் என்னை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுகிறார். "என்னத்தப் பாக்கணும்? மேகசின் வெளியில கெடக்கு, தெரியலையா? இந்தா, நல்லாப் பாருங்க!" என்று பிஸ்டலை எடுத்து, அட்டை இருக்கிற பக்கம் நீட்டி, விசையை அழுத்தினேன்.

வெடித்தது.

அட்டை திரும்பியபோது சுடாமல் விட்ட ஒன்று. மேகசினில் இல்லை, குழாயில் ஏறி உட்கார்ந்திருந்தது. அட்டைக்கு மேலே மண்மேட்டில் தூசி கிளம்பியது. என் கையிலிருந்து பிஸ்டலை யார் வாங்கினார்கள் என்று எனக்கு நினைவில்லை.

காகாவின் முகம் வெளுத்துப்போய்விட்டது. "காலி போலா நா ஆப்னே!" என்று இந்தியில் கத்தினார். காலி என்று சொன்னாயே என்கிறார். "ஆப்னே காலி பூச்சா!" என்று நானும் கத்தினேன். நீங்கள் காலி என்றுதானே கேட்டீர்கள்? ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சண்டை போட்டோம். கடைசியில் அவர் குனிந்து, விரலால் தரையைக் குத்திக் குத்திக் காட்டினார். "காலி! காலி!" அப்போதுதான் எனக்கு விளங்கியது. மராத்தியில் காலி என்றால் கீழே. பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டாயா என்றுதான் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பத்து மீட்டரில் கீழே வைத்த பிஸ்டல் எப்படியும் வெறும் பிஸ்டல், ஒன்று போட்டு ஒன்று சுடுவதால். அதனால் இரண்டு அர்த்தமும் சேர்ந்தே போயின. இருபத்தைந்தில் கீழே வைத்த பிஸ்டலுக்குள் தோட்டா இருக்கலாம்.

எனக்கு மூன்று மாதம் அந்தச் சுவருக்கு அப்பால் போகக்கூடாது என்று உத்தரவு. அதோடு காகா, குழாயில் நூலைத் தன் கண்ணால் பார்க்காமல் இனி ஓர் அடி வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சரி, இடம் கோயம்புத்தூர்க்காரருக்குத்தான், நினைத்ததை முடித்துவிட்டார் என்று புழுங்கிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். அவர் பெயர் பத்து மீட்டரின் கீழே இருந்தது. செக்ரட்டரியைக் கேட்டேன். "அவர் போன மாதமே வந்து இருபத்தைந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாரே. பிறகு ஒருமுறை வந்து, நிஜமாகவே மாற்றிவிட்டீர்களா, காட்டுங்கள் என்றார்" என்றார் செக்ரட்டரி.

ரேஞ்சுக்கு எதிரே சஹா கடையில் அவரைப் பிடித்தேன்.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு எதுக்கு ஞாயித்துக்கெழம வந்தீங்க?"

"உங்களப் பாக்கத்தானுங்க" என்றவர், தான் சொன்னது எப்படிக் கேட்கும் என்று உணர்ந்து அவசரமாக நோட்டை எடுத்து நீட்டினார். "நீங்க பாக்காம அந்த வார்த்தையச் சொன்னதுங்க இது. இருவத்திமூணு."

எதிர்ப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். உச்சியில் 'நான்' என்று எழுதியிருந்தது. கோடுகள் நாற்பத்தொன்று.

"காகா கேக்கறப்ப எனக்கு மொதல்ல என்ன அர்த்தம் வருதுன்னு குறிச்சனுங்க. பதினோரு வருசமா மராட்டி பேசறேன். தெரிஞ்சும் காது மொதல்ல நம்ம அர்த்தத்தத்தானுங்க எடுக்குது. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே காதுங்க, அம்மணி."

பிறகு கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். புனே வந்த புதிதில் இயந்திரத்தில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் அவருக்குப் பட்டன் அமுக்குகிற வேலை. அந்தப் பக்கம் தகடு வைத்துக்கொண்டிருந்த மராத்திக்காரர் 'ஹாத் காலி, ஹாத் காலி' என்று கத்தியிருக்கிறார்.

"கை காலின்னு நெனச்சனுங்க. கைய எடுத்துட்டாரு, சரின்னு அமுக்கிட்டேன். கை கீழ இருக்குதுன்னு சொல்லியிருக்காரு."

"அய்யோ."

"அவருக்கு ரெண்டு வெரலு போச்சுங்க."

அவர் மேல் இரக்கமும் வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. "இதத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா வாயத் தொறக்காம கோடு போட்டுக்கிட்டு இருந்தீங்க? காகா கோட்டத் தாண்டிட்டாருங்க! என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்கமாட்டேன். இடத்துக்காகக் கதை கட்டுகிறார் என்றுதான் நினைத்திருப்பேன். அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் கையிலிருந்த சஹாவை ஒரே மூச்சில் குடித்தேன்.

"அதுவுமில்லீங்க" என்றார் மெதுவாக. "இன்னும் ரெண்டு வாரம் குறிச்சுட்டு, உறுதியானதும் சொல்லலாம்னு இருந்தனுங்க. அது என் தப்பு."

போகத் திரும்பியவள் நின்றேன். என்னைக் குடைந்துகொண்டிருந்தது வேறொன்று. முதல் நாளே என் பதினேழைப் பதினாறு என்று திருத்தியவர் இவர். "நான் சுட்டத நீங்க எண்ணியிருப்பீங்க. நாலுதான்னு உங்களுக்குத் தெரியும். 'உள்ள ஒண்ணு இருக்கு'ன்னு நேரா சொல்லியிருந்தா நான் தொட்டே இருக்கமாட்டேன். யார் பாத்ததுன்னு கேட்டு என்னைய உசுப்பிவிட்டது எதுக்கு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் தந்திரம் ஏதாவது இருக்கிறதா என்று நானும் விடாமல் பார்த்தேன்.

"நாலுன்னு எண்ணுனனுங்க" என்றார். "நான் எண்ணுனத ஆருங்க பாத்தது?"

வழக்கம்போல கிளாஸைக் கவிழ்த்துப் பார்த்து, கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, சாலையின் இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடி ஒருமுறை பார்த்து, கடந்து போனார். குடித்து முடித்த என் கிளாஸை மேஜையில் வைக்கப் போனவள், யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு, அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு விழுந்தது.